நாலு மணிக்கு 11ஆம் டேபிள் யாருடையது?

போன வாரம் கரூரிலிருந்து நண்பன் போன் செய்தான். தை மாதம் ஓட்டல் திறக்கிறான். "மாப்ள, நீ வெச்சிருக்கிற பில்லிங் சாஃப்ட்வேர் எப்படிடா? வாங்கலாமா?" என்றான். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன், முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. அவனிடம் சொன்னதில் கெட்ட வார்த்தைகளை மட்டும் எடுத்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

திருச்சியில் எங்களுடையது சைவ ஓட்டல். நான்-ஏசியில் 14 டேபிள், ஏசி ஹாலில் 8. சாஃப்ட்வேர் வந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை, இந்தக் குறை அதற்கு மட்டும் உரியதும் இல்லை. கேஓடி (சமையல்கட்டுக்குப் போகும் ஆர்டர் சீட்டு) அடிப்பது, 5 சதவீத ஜிஎஸ்டியை இரண்டரை, இரண்டரையாகப் பிரிப்பது, பில் நம்பர் விடுபடாமல் ஓடுவது எல்லாம் எதை வாங்கினாலும் கிடைக்கும். ரோடு தோண்டி மூன்று நாள் நெட் போனபோதும் பில்லிங் நிற்கவில்லை. அது கல்லாவில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது, அதற்கு ஒரு கும்பிடு. என் சண்டை முழுக்க டேபிள் விஷயத்தில்தான்.

சாஃப்ட்வேர் கணக்குப்படி ஒரு டேபிளுக்கு ஒரு சப்ளையர், ஒரு பில். நம் ஊரில் மத்தியானம் ஒரு மணிக்கு நாலு நாற்காலி டேபிளில் ஒரு மெடிக்கல் ரெப், ஒரு தாத்தா, காலேஜ் பையன்கள் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று பில். டெமோ காட்ட வந்தவரிடம் இதைக் கேட்டேன். "சார், தெரியாதவங்களை எதுக்கு ஒரே டேபிள்ல உக்கார வைக்கிறீங்க?" என்றார் அவர். அன்றைக்கே அவரை அனுப்பியிருக்க வேண்டும். அப்புறம் நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். 7ஆம் டேபிளை 7ஏ, 7பி, 7சி, 7டி என்று உடைத்தோம். நான்-ஏசியில் மட்டும் 56 டேபிள் ஆனது. டேப்லெட் திரையில் ஒவ்வொன்றும் தீப்பெட்டி மூடி அளவு. எண்ணெய் விரலால் 7பி-யைத் தொட்டால் 7சி திறக்கும், தாத்தாவின் தயிர் சாதம் ரெப்பின் பில்லில் ஏறும். இதற்குக்கூடப் பழகிவிட்டோம்.

பழகவே முடியாதது பூட்டுதான். ஒரு டேபிளை எந்த சப்ளையர் திறந்தாரோ, அவருடைய பின் நம்பர் போட்டால்தான் அதில் இன்னொரு காபி ஏறும். மற்றவர் தொட்டால் "இந்த டேபிள் வேறொருவர் பொறுப்பில் உள்ளது" என்று சிவப்பில் எழுத்து வரும். ஓட்டலில் சாப்பிடுகிறவர் யாரைக் கூப்பிடுவார்? பக்கத்தில் யார் போகிறாரோ அவரைத்தான். "தம்பி, சாம்பார்", "தம்பி, ஒரு காபி". சாம்பாருக்குக் கணக்கு இல்லை, காபிக்கு உண்டு. எங்கள் ஆட்கள் முதலில், "உங்க டேபிள் ஆள் வருவாரு சார்" என்று சொல்லிப் பார்த்தார்கள். ஒருத்தர் எழுந்து நின்று, "அந்த ஆள் வர்றதுக்குள்ள என் பஸ் போயிடும்யா" என்று கத்தினார். சரியாகத்தான் கத்தினார். மூன்றே வாரத்தில் எல்லா சப்ளையர்களின் பின் நம்பரும் 1111 ஆகிவிட்டது.

இந்தப் பூட்டு எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்திய அரசுச் சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான். 1991இலிருந்து அது ஏறவில்லை. சில மாநிலங்கள் கூட்டிக் கொடுக்கின்றன, கொடுக்காத இடத்தில் பணியாளரின் வருமானமே டிப்ஸ்தான். அங்கே அடுத்தவர் டேபிளில் கை வைத்தால் அவர் சோற்றில் கை வைத்த மாதிரி, அதனால் பூட்டு வேண்டும். அந்த ஊர் மாதிரியைப் பார்த்து இங்கேயும் செய்துவிட்டார்கள் என்பது என் ஊகம். எங்கள் சப்ளையருக்கு மாதச் சம்பளம், மூன்று வேளைச் சாப்பாடு, தங்க ரூம். டிப்ஸ் அதற்கு மேல் வருவது. பூட்டி வைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

இப்படிச் சொன்ன கையோடு இதையும் சொல்லியாக வேண்டும். இந்த சாஃப்ட்வேரால் எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதியும் அதே டேபிள் ஒதுக்கீட்டால்தான். முன்பு யாருக்கு எந்த டேபிள் என்பது சூப்பர்வைசரின் வாய்ச்சொல். ஏசி ஹாலில் சுவரோரம் நாலு ஃபேமிலி டேபிள் இருக்கிறது, அங்கே ஐம்பது ரூபாய் விழும். கை கழுவும் இடத்தை ஒட்டிய 13, 14இல் உட்காருபவர்கள் மீதிச் சில்லறையை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். சூப்பர்வைசருக்கு வெற்றிலை வாங்கிவருகிறவருக்கு ஏசி, அசாமிலிருந்து வந்த பையன்களுக்கு 13, 14. வாரத்துக்கு ஒரு சண்டையாவது நடக்கும், சமையல்கட்டுக்குப் பின்னால். இப்போது சாஃப்ட்வேர் தினமும் சுற்றுமுறையில் டேபிள் பிரிக்கிறது. காலையில் ஒரு சீட்டு அடித்துக் காபி மாஸ்டர் பக்கத்தில் ஒட்டிவிடுவோம். "மெஷின் போட்டது" என்றால் யாரும் பேசுவதில்லை. வெற்றிலைச் செலவும் நின்றது என்று ஒரு பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

சரி, நாலு மணிக் கதைக்கு வருகிறேன். எங்களுக்கு ஷிஃப்ட் மாறுவது நாலு மணிக்கு. பஜ்ஜி, வடை, காபி என்று கூட்டம் ஏறும் நேரமும் அதுதான். வீட்டுக்குப் போகிறவரின் ஓடும் டேபிள்களை வருகிறவர் பெயருக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு டேபிளாகத் திறந்து, மாற்று என்று அழுத்தி, ஆளைத் தேர்ந்தெடுத்து, மேனேஜர் பின் போட வேண்டும். 30 டேபிள் ஓடினால் 30 தடவை. ஒரு நாள் திரையில் 11ஆம் டேபிள் மஞ்சளாகவே நின்றது. மஞ்சள் என்றால் பில் கொடுத்தாயிற்று, பணம் ஏறவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் 25 நிமிடம் என்று ஓடிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் வயதான தம்பதி. அந்த அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். ஐந்நூறு ரூபாய்த் தாள் கொடுத்திருக்கிறார்கள், பாக்கி வரவில்லை. வாங்கிய பையன் ஷிஃப்ட் முடிந்து ரூமில் தூங்குகிறான், பணம் அவன் சட்டைப் பையில். வந்த பையன் பெயருக்கு அந்த டேபிள் மாறவில்லை. மன்னிப்புக் கேட்டு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். அவர் பில் தொகையை எண்ணிக் கையில் திணித்துவிட்டுத்தான் போனார். அந்த மஞ்சள் நிறம் மட்டும் இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கம்பெனிக்குப் போன் மேல் போன். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்ற பதிலையெல்லாம் தாண்டி, இந்த வருடம் ஒரு அப்டேட் வந்தது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்ற ஒரு பட்டன். ஸ்வீட் மாஸ்டரிடம் சொல்லி எல்லோருக்கும் கேசரி கொடுத்தேன். அன்று இரவு கணக்கு முடிக்கும்போது மாலை ஷிஃப்ட் பையன் பெயரில் 1,840 ரூபாய் குறைந்தது. அந்தப் பட்டன் ஓடும் டேபிள்களோடு, காலை ஆள் பணம் வாங்கிவிட்டு இன்னும் கல்லாவில் கட்டாமல் வைத்திருந்த பில்களையும் சேர்த்து மாற்றியிருக்கிறது. அந்தப் பையன் கண்ணில் தண்ணீர். "அண்ணே, நான் எடுக்கலண்ணே" என்று தமிழில் தட்டுத்தடுமாறிச் சொன்னான். மறுநாள் காலை ஆளிடம் பணம் அப்படியே இருந்தது. அதற்கப்புறம் அந்தப் பட்டன் மேல் யாரும் கை வைப்பதில்லை. பழையபடி 30 தடவைதான்.

நண்பனிடம் சொன்னது இதுதான். டெமோ என்று வந்தால் காலி டேபிளில் ஒரு தோசை போட்டுக் காட்டுவார்கள், அதை நம்பாதே. பத்து டேபிளில் ஆர்டர் ஓடவிட்டு, இரண்டுக்குப் பில் அடித்துவிட்டு, "இப்போது மணி நாலு, ஆளை மாற்று" என்று சொல். விழிப்பார்கள். என்னுடையதை மட்டும் வாங்கவே வாங்காதே.

"அப்ப நீ மாத்தப் போறியா?" என்றான்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபத்தில் டேப்லெட்களை அலமாரியில் பூட்டிவிட்டுப் பழைய கேஓடி புத்தகத்தை எடுத்தேன். டேபிளைச் சூப்பர்வைசர் பிரித்தார். பதினொன்றரைக்குள் 5ஆம் டேபிளுக்காக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அலமாரிச் சாவியை நானே போய் எடுத்துவந்தேன். அடுத்த வருடத்துக்கான பணத்தைப் போன செவ்வாய்க்கிழமை கட்டிவிட்டேன். இதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.