விசாவுக்குப் போட்ட ஹோட்டல் பதிவை நம்பிப் பயணம் போகாதீர்கள்

வெள்ளவத்தையில் ஒரு பயண முகவரிடம் நானும் மனைவியும் ஏமாந்த கதை இது. பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது ஒரு முடிவுக்கு வரட்டும். ஆனால் அதே ஆள் இப்போதும் வட்ஸ்அப் குழுக்களில் "கப்பிள் ஸ்பெஷல், செல்ஃப் டிரைவ், எரிமலைத் தீவு" என்று படம் போட்டுக்கொண்டிருக்கிறார். போன கிழமை என் மச்சானுக்கே அது வந்து சேர்ந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

ரியூனியன் மனைவியின் ஆசை. மொரிசியஸுக்குப் பக்கத்தில் பிரான்ஸுக்குச் சொந்தமான தீவு. கடலோரமாக ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 210 கிலோமீற்றர்தான், கொழும்பு–யாழ்ப்பாணத் தூரத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூட. அதற்குள் 3,070 மீற்றர் உயரத்தில் ஒரு மலை. எங்கள் பிதுருதலாகலை 2,524தான். தென்கிழக்கில் இன்னும் அடங்காத ஓர் எரிமலை. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் பேரப்பிள்ளைகள் கட்டிய கோயில்கள். காரை எடுத்துக்கொண்டு இருவரும் ஆறுதலாகச் சுற்றுவதென்று முடிவெடுத்தோம்.

முகவரின் ஒபிஸ் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடியில். தேத்தண்ணி வந்தது. "தம்பி, தங்கச்சி, நீங்கள் பெட்டியை மட்டும் அடுக்குங்கோ. மிச்சம் எல்லாம் என்ர தலையில." விமான டிக்கெட், ஒட்டோமெட்டிக் கார், "ஃபுல் இன்சூரன்ஸ்", ஏழு இரவு ஹோட்டல், வழிகாட்டியோடு எரிமலை. இரண்டு பேருக்கு 13 இலட்சத்து 80 ஆயிரம். பெப்ரவரியில் போனால் மலிவு என்றார். பெப்ரவரி அங்கே சூறாவளிக் காலத்தின் நடுப்பகுதி என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் தேடிப் பார்க்கவில்லை. சிவப்பு எச்சரிக்கை வந்தால் தெருவில் வாகனமே ஓட்ட விடமாட்டார்கள். எங்கள் அதிர்ஷ்டம், மழையோடு போயிற்று.

"கார்ட்டில கட்டினா மூண்டு வீதம் கூட வரும் தம்பி. காசா தந்தா அதை விட்டுத்தாறன்." நாற்பதாயிரம் மிச்சம் என்று எண்ணிக் காசாகக் கொடுத்தோம். இந்தப் பதிவில் நான் அதிகம் நொந்துகொள்வது இந்த வரிக்குத்தான். கார்ட்டில் கட்டியிருந்தால், கொடுத்த காசுக்குச் சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடமாவது போய் நின்றிருக்கலாம். காசுக்கு எங்களிடம் இருப்பது ஒரு பற்றுச்சீட்டு. அதில் "சுற்றுலாச் சேவை முற்பணம்" என்ற மூன்று சொல்லும் தொகையும் மட்டும். எந்த ஹோட்டல், எத்தனை இரவு, என்ன கார், எதுவும் இல்லை. அதெல்லாம் வட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் செய்திகளில் இருக்கிறது.

ஆள் எப்படிப்பட்டவர் என்பதற்கு முதல் அடையாளம் விசாவிலேயே கிடைத்தது. பாரிஸில் இருக்கும் தமக்கையிடம் போய்வந்ததால் மனைவிக்கு ஷெங்கன் விசா இருந்தது. "அது காணும், ரியூனியனும் பிரான்ஸ்தானே" என்றார். காணாது. ரியூனியன் பிரான்ஸின் மாவட்டம்தான், ஆனால் ஷெங்கன் வலயத்துக்குள் இல்லை. அதற்கென்று தனியாக விசா எடுக்க வேண்டும். அதை நாங்களே தேடிக் கண்டுபிடித்துச் சொன்னபோது, "ஓமோம், இப்ப மாத்திப்போட்டாங்கள் போல" என்று சிரித்தார். அன்றைக்கே எழுந்து வந்திருக்க வேண்டும். பிறகு விசா விண்ணப்பத்துக்காக ஏழு இரவுக்குமான ஹோட்டல் பதிவுத் தாள்களைத் தந்தார். வண்ணத்தில் அச்சடித்து, எங்கள் இருவரின் பெயரும் போட்டு, அழகாக இருந்தன. விசாவும் வந்தது. அந்தத் தாள்களை மடிப்புக் குலையாமல் வைத்திருந்தேன்.

சேன்-டெனி விமான நிலையத்தில் கார் எடுக்கும் இடத்தில் முதல் அடி. கார் கியர் போட்டு ஓட்டும் கார். அது போகட்டும். அங்கே வீதியில் வலப்பக்கம் ஓட வேண்டும், கியர் வலது கையில் வரும். முதல் ஒரு மணித்தியாலம் ஒவ்வொரு தடவையும் கியருக்குப் பதிலாகக் கதவுக் கைப்பிடியைத் தேடினேன். வைப்புப் பணம்தான் பெரிய சிக்கல். 1,200 யூரோவை ஓட்டுநரின் பெயரிலுள்ள கிரெடிட் கார்ட்டில் தடுத்து வைக்க வேண்டும் என்றாள் கவுண்டரில் இருந்த பிள்ளை. ஓட்டுநர் நான். போதிய கடன் எல்லை இருப்பது மனைவியின் கார்ட்டில். கணவன் மனைவி என்று பாஸ்போர்ட்டைக் காட்டினாலும் ஏற்கவில்லை. சர்வதேச லைசென்ஸை காலிமுகத்திடலுக்குப் பக்கத்திலுள்ள ஒட்டோமொபைல் சங்கத்தில் என் பெயரில் மட்டும்தான் எடுத்திருந்தோம்.

அங்கேதான் "ஃப்ரான்ஷீஸ்" என்ற பிரெஞ்சுச் சொல்லைக் கற்றோம். ஆங்கிலத்தில் "ஃபிரான்சைஸ்" என்கிறோமே, கடை வைப்பதற்கான உரிமை, அது இல்லை இது. காருக்குச் சேதம் வந்தால் முதல் இவ்வளவு தொகை வாடகைக்கு எடுத்தவர் தலையில், மிச்சம்தான் காப்புறுதி. எங்கள் "ஃபுல் இன்சூரன்ஸ்" என்பது சட்டப்படி எல்லாக் காருக்கும் சும்மா வருகிற அடிப்படைக் காப்புறுதி. ரயர், கண்ணாடி, காரின் அடிப்பக்கம் எதுவும் அதில் இல்லை. கூடுதலாக 170 யூரோ கட்டி மேலதிகக் காப்புறுதி எடுத்த பிறகுதான் வைப்புப் பணத்தை என் கார்ட் தாங்கும் அளவுக்குக் குறைத்தார்கள்.

முதல் மூன்று இரவும் ஹோட்டல்கள் சரியாக இருந்தன. அதனால் கோபமும் ஆறிவிட்டது. கிழக்குக் கரையில் சேன்ட்-ரோஸ் பக்கம் ஒரு தேவாலயம் இருக்கிறது. 1977இல் எரிமலைக் குழம்பு ஊருக்குள் இறங்கி வீடுகளை அழித்தது. தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு வாசலோடு நின்றுவிட்டது. கறுத்த பாறை இன்னும் சுவரோரம் கிடக்கிறது. அதற்குத் தெற்கே பெரு வீதியே பழைய குழம்புகளை வெட்டிக்கொண்டு போகிறது. எந்த ஆண்டு இறங்கியது என்று பலகை வைத்திருக்கிறார்கள். 2007ஆம் ஆண்டுப் பலகைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி மனைவி கையால் தொட்டுப் பார்த்தா. மழை பெய்தால் அதிலிருந்து இன்னும் ஆவி எழுமாம். அன்று எழுந்தது. ஏமாந்த பயணம்தான், ஆனால் இதைப் பார்த்ததற்காக நான் வருத்தப்படவில்லை.

நாலாம் நாள் எரிமலை. முகவரின் தாளில் "எரிமலை நுழைவு + வழிகாட்டி + லாவா பார்வை, காலை 8.00" என்று தனி வரி, தனி விலை. பூர்-முராவிலிருந்து ஏறினால் சிவந்த சாம்பல் வெளி ஒன்று வரும், மரம் செடி இல்லாமல். அதற்குள் தார் இல்லாத, குழியும் கல்லுமான பாதை. 2,300 மீற்றருக்கு மேலே வாகனத் தரிப்பிடத்தில் போய் இறங்கினோம். மூடுபனி. கையில் தாளோடு டிக்கெட் கவுண்டரைத் தேடினேன். இல்லை. வழிகாட்டியும் இல்லை. பிறகு அங்கே நின்ற ஒருவர் அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினார்: இங்கே நுழைவுக் கட்டணமே கிடையாது, யாரும் இறங்கி நடக்கலாம். குழம்பு பாய்கிற நாட்களிலோ, படிக்கட்டு வாசலைப் பூட்டிவிடுவார்கள், யாரும் உள்ளே இறங்க முடியாது. ஆக எரிமலைக்கே காலை எட்டு மணிக்கு நேரம் குறித்து, இலவசமான வாசலுக்கு எங்களிடம் காசு வாங்கியிருக்கிறார். மனைவி சிரித்துவிட்டா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பும்போது அதே பாதையில் ரயர் ஒன்று போயிற்று. மேலதிகக் காப்புறுதி அங்கேதான் கைகொடுத்தது.

அன்று மாலையே சிலாவோஸ் போனோம். எரிமலை வாயல்ல, மலைகளுக்கு நடுவே கிண்ணம் மாதிரி ஒரு பள்ளத்தாக்கு. அங்கே ஏறும் பாதையில் 400க்கு மேற்பட்ட வளைவுகள் என்பார்கள். கடுகண்ணாவையில் ஓட்டியிருக்கிறேன் என்ற வீறாப்பெல்லாம் இருபதாவது வளைவில் போயிற்று. ஒரு கார் மட்டும் போகக்கூடிய குகைப் பாதைகளும் உண்டு. ஆறரை மணிக்கு, மழையில், ஹோட்டல் வாசலில் பெட்டிகளை இறக்கினோம்.

வரவேற்பு மேசைப் பெண் என் தாளைப் பார்த்தாள். கணினியைப் பார்த்தாள். திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். எங்கள் பெயர்கள் இருந்தன. அவற்றின் மேல் ஒரு கோடு. பதிவு செய்த நாளும் ரத்து செய்த நாளும் பக்கத்தில். எங்களுக்கு விசா கிடைத்த மறுநாள் ரத்து. கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய பதிவைப் போட்டு, தாளை அச்சடித்து விசாக் கோப்புக்குத் தந்துவிட்டு, விசா வந்ததும் ரத்து செய்திருக்கிறார்.

கொழும்பில் அப்போது எட்டு மணி. முகவருக்கு அழைப்பு எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன். ஒன்பதரைக்கு ஒரு குரல் செய்தி: "தம்பி, ஏதோ மிஸ் அண்டஸ்டாண்டிங். இண்டைக்கு நீங்கள் ஒரு ரூம் போடுங்கோ, வந்தாப்பிறகு பாப்பம்."

"நீர் அந்தச் செய்தியை அழிக்காதேயும், நானும் சேமிச்சு வைக்கிறன்" என்றேன் மனைவியிடம்.

"மிச்ச மூண்டு ஹோட்டலையும் முதல்ல கேளுங்கோ" என்றா மனைவி.

கேட்டோம். மூன்றிலும் அதே கதை. ஏழில் நாலு இரவு இல்லை. முதல் மூன்றும் ரத்து செய்ய முடியாத மலிவுப் பதிவுகள், அதனால் தப்பியிருந்தன.

அந்த இரவு ஊருக்குள் ஒரு வயதான அம்மாவின் விருந்தினர் வீட்டில் 65 யூரோவுக்குத் தங்கினோம். சுவரில் முருகன் படம். அவருடைய குடும்பப் பெயர் எங்கள் ஊர்ப் பெயர்தான், பிரெஞ்சு எழுத்தில் கொஞ்சம் நெளிந்துபோய். தமிழில் "வணக்கம்" தவிர ஒன்றும் தெரியாது. சோறும் அந்த ஊர்ப் பருப்பும் போட்டார். பருப்பு எங்கள் மைசூர்ப் பருப்பு மாதிரி இல்லை, சின்னதாகக் கபில நிறத்தில். இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மிச்ச நாட்களுக்கான அறை, கார், எரிமலைக்கென்று வாங்கிய காசு எல்லாம் கூட்டிப் பார்த்தால் இரண்டு இலட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் போயிருக்கிறது. திரும்பி வந்து ஒபிஸுக்குப் போனோம். மறுபடி தேத்தண்ணி. ஹோட்டல்காரர்தான் ரத்து செய்தார்கள் என்றார். திரையைப் படம் எடுத்து வைத்திருந்ததை மனைவி காட்டினா. "சரி தங்கச்சி, தவணையா தாறன்."

இப்போது நாங்கள் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வது: முகவர் தரும் தாளில் உள்ள பதிவு எண்ணை வைத்து நீங்களே ஹோட்டலுக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள். விசா கிடைத்த பிறகு ஒருதரம், விமானம் ஏறும் கிழமையில் இன்னொருதரம். காசு கட்டியாயிற்றா, அங்கே வந்து கட்ட வேண்டுமா என்பதையும் கேளுங்கள். எங்களுக்கு அதைச் செய்யப் பத்து நிமிடம்கூடப் போயிராது. காரென்றால் வைப்புத் தொகை, யார் பெயரில் கார்ட், ஃப்ரான்ஷீஸ் எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். முகவர் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்தவரா என்று பாருங்கள், நாங்கள் பார்க்கவில்லை. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். நாங்கள் எழுத்திலும் கொடுத்தோம், குரல் செய்திகளை வரி வரியாக எழுதிச் சேர்த்து.

முதல் தவணை இருபதாயிரம் வந்தது. அடுத்தது வருகிற வெள்ளி என்றார். அவர் சொன்ன பிறகு இது மூன்றாவது வெள்ளி.