மச்சினன் கொண்டுவந்த பொடியும் மெடிக்கல் ஷாப் எலக்ட்ராலும்

டல்லாஸிலிருந்து வந்த மச்சினன் பெட்டியைத் திறந்ததும் சாக்லேட்டுக்கு முன்னால் வெளியே வந்தவை இரண்டு பை நிறைய, வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்டத் தண்ணீரில் கலக்கும் பொடி. ஒன்று எலிமென்ட் (LMNT), இன்னொன்று லிக்விட் ஐவி. "அத்தான், ஷட்டில் ஆடிட்டு வந்து இதைக் குடிங்க, அப்புறம் பாருங்க" என்றான். என் அலமாரியில் எப்போதும் கிடப்பது எலக்ட்ரால், அதாவது வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைப் பொடி. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தை மொபைலில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் எண்களை அப்படியே ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். எலக்ட்ராலின் பெரிய பாக்கெட் 21.8 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. லிக்விட் ஐவி ஒன்றை அரை லிட்டரில் கலக்க வேண்டும். எலிமென்ட்டோ அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை உங்கள் இஷ்டம். எல்லாவற்றையும் லிட்டர் கணக்குக்குக் கொண்டுவந்தால் எலக்ட்ராலில் சோடியம் சுமார் 1,725 மில்லிகிராம், பொட்டாசியம் 780, குளுக்கோஸ் 13.5 கிராம். லிக்விட் ஐவியில் சோடியம் சுமார் 1,000, பொட்டாசியம் 740, சர்க்கரை 22 கிராம். எலிமென்ட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் சோடியம் 1,000, பொட்டாசியம் 200, மக்னீசியம் 60, சர்க்கரை சுத்தமாக இல்லை. அரை லிட்டரில் கரைத்தால் எல்லாமே இரட்டிப்பு.

எலக்ட்ராலில் சர்க்கரை ருசிக்காக மட்டும் சேர்க்கப்படவில்லை. சிறுகுடலில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக ஒரே வாசல் வழியாக உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் சூத்திரத்தில் இரண்டும் லிட்டருக்கு 75 மில்லிமோல் (எடையை அல்ல, துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அளவு) என்று சரிசமமாக இருக்கின்றன. எலிமென்ட்டில் சர்க்கரைக்குப் பதிலாக இனிப்புக்குச் சேர்க்கும் ஸ்டீவியா நாக்கை ஏமாற்றும், குடலை ஏமாற்றாது. ஆனால் ஆட்டம் முடிந்து வந்து நாலு இட்லி சாப்பிடுகிறவருக்கு அது ஒரு குறையே இல்லை, குளுக்கோஸ் இட்லியிலிருந்தே வந்துவிடும். வயிற்றுப்போக்கு என்றால் கதை வேறு. அப்போது ஓஆர்எஸ் தவிர வேறு எதையும் தொட மாட்டேன். இந்தச் சூத்திரத்தில் இல்லாத பானங்கள் பெயரில் ஓஆர்எஸ் என்று போட்டுக்கொள்ளக் கூடாது என 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவு போட்டது இதனால்தான்.

லிக்விட் ஐவி பாக்கெட்டில் பெரிதாகச் சொல்லிக்கொள்வது வைட்டமின்களைத்தான்: சி, பி3, பி5, பி6, பி12. வியர்வையில் இவை போவது சொற்பம். பி6 மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 12 மில்லிகிராம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் சொன்னது. இந்தப் பொடி ஒன்றில் 2 மில்லிகிராம் போல இருக்கும், அது பிரச்சினை இல்லை. ஆனால் நம்மில் பலர் டாக்டரைக் கேட்காமலே பி காம்ப்ளெக்ஸ் போட்டுக்கொள்கிறவர்கள். இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ருசியில் லிக்விட் ஐவி திகட்டும் ஜூஸ். எலிமென்ட் உப்புப் போட்ட எலுமிச்சை சோடா மாதிரி, எனக்குப் பிடித்தது. எலக்ட்ரால் மருந்துதான், விலை இருபது ரூபாய்ச் சொச்சம். எலிமென்ட் ஒன்று ஒன்றரை டாலர்.

ஒரு ஞாயிறு ஆடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். நடுவில் குடித்த அரை லிட்டரையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரத்தில் 1.6 லிட்டர் வியர்த்திருந்தது. பலருக்கு ஒரு லிட்டர் வியர்வையில் ஒரு கிராம் அளவில் சோடியம் போகும். அப்படிப்பட்ட நாளுக்கு எலிமென்ட் சரி. முக்கால் மணி நேர ஆட்டத்துக்கு வெறும் தண்ணீரே போதும்.

கிளம்பும்போது எலிமென்ட்டின் மீதிப் பையை விட்டுப் போகிறேன் என்றான் மச்சினன். ஐந்தாறு மட்டும் எடுத்துக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுத்தேன். அம்மாவுக்கு பிபி இருக்கிறது. நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இதில் ஒன்றிலேயே பாதி போய்விடும். லெமன் படம் போட்ட பாக்கெட்டைப் பார்த்தால் ஜூஸ் என்று கலக்கிக் குடித்துவிடுவார்.