டானகில் பயணம் என்று 64,500 ராண்ட் போனது, யாரும் ஏமாந்துவிடாதீர்கள்

ஊர் திரும்பி நாலு நாள் ஆகிறது, இன்னும் தூக்கம் வரவில்லை. ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் யாராவது எத்தியோப்பியாவின் டானகில் பாலைவனத்துக்குப் போவதற்காக ஒரு இணையதளத்தில் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், முதலில் இதைப் படியுங்கள். நாங்கள் மூன்று பேர், தலைக்கு 21,500, மொத்தம் 64,500 ராண்ட். விமான டிக்கெட் செலவு இதில் சேராது.

நான் லெனேசியாவில் இருக்கிறேன், பள்ளியில் புவியியல் எடுக்கிறேன். ஆப்பிரிக்கத் தட்டும் அரேபியத் தட்டும் விலகுகிற இடம் என்று வருஷா வருஷம் பலகையில் வரைந்து காட்டுவது இந்த டானகிலைத்தான். கடல் மட்டத்துக்கு நூறு மீட்டருக்கும் கீழே கிடக்கும் உப்புவெளி, டல்லோலில் மஞ்சளும் பச்சையுமாகக் கொதிக்கும் அமிலக் குட்டைகள், உப்பைப் பாளம் பாளமாக வெட்டி ஒட்டகத்தில் ஏற்றிப் போகும் அஃபார் மக்கள், அப்புறம் எர்ட்டா ஆலே எரிமலை. ஒரு தடவையாவது அங்கே போய் நிற்க வேண்டும் என்று பத்து வருஷ ஆசை எனக்கு. கோயம்புத்தூரிலிருந்து தம்பியும் வந்திருந்தான். பள்ளி விடுமுறைதானே, போய் வந்துவிடலாம் என்று என் கணவரும் சொன்னார்.

அந்தத் தளம் வெளியூர்ப் பயணிகளை உள்ளூர் வண்டிக்காரர்களோடு சேர்த்துவிடும் வகை. பேசியவர் தமிழர். வீடியோவில் முக்கால் மணி நேரம் பேசினார். நான் விசாரித்த மற்ற இடங்களில் எல்லாம் எர்ட்டா ஆலேயின் தகதகக்கும் லாவா (எரிமலைக் குழம்பு) ஏரிப் படத்தை அனுப்பினார்கள். இவர் மட்டும், "அக்கா, அதெல்லாம் பழைய படம். 2017 ஜனவரியில் பக்கவாட்டில் வெடித்தபோதே ஏரி இறங்கிவிட்டது. போன நவம்பர் 23 பக்கத்திலேயே ஹைலி குப்பி எரிமலை வெடித்து, சாம்பல் டெல்லி வரைக்கும் போனது உங்களுக்கே தெரியும். அதனால் எர்ட்டா ஆலே என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். டல்லோலும் உப்புவெளியும் நிச்சயம்" என்றார்.

அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. எனக்குத் தெரியும், நான் படித்திருக்கிறேன். வருகிற வியாபாரம் கெட்டாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொல்கிற பிள்ளையாக இருக்கிறாரே என்று நினைத்தேன். அந்த ஒரு நினைப்புதான் எங்களைக் கவிழ்த்தது. "கார்டில் போட்டால் கமிஷன் போய்விடும் அக்கா, வங்கிக் கணக்குக்கே நேராக ஈ.எஃப்.டி. போடுங்கள், தலைக்கு 1,500 குறைத்துக்கொள்கிறேன்" என்றதும் டிசம்பர் 9 அன்று 64,500 ராண்டையும் ஒரே தடவையில் அனுப்பினேன். கணவர் பாதிப் பணம் இப்போது, மீதி அங்கே போய்க் கொடுக்கலாம் என்றார். நான்தான் கேட்கவில்லை.

ஜனவரி 3 அடிஸ் அபாபா போய், மறுநாள் அஃபார் பகுதியின் தலைநகரான செமேராவில் இறங்கினோம். வண்டி இல்லை. "டிரைவர் வந்துகொண்டிருக்கிறார் அக்கா" என்று ஒரு செய்தி. மூன்று மணி நேரம் கழித்து "டயர் பஞ்சர்" என்று இன்னொன்று. இருட்டிய பிறகு ஒற்றை டிக்கோடு நின்றது, அதற்கு மேல் எதுவும் போய்ச் சேரவில்லை. விடுதியில் இருந்த ஒரு வண்டிக்காரரிடம் எங்கள் ரசீதைக் காட்டினோம். அனுமதிச் சீட்டு, அஃபார் வழிகாட்டி, துப்பாக்கியோடு கூட வரும் காவலர் எல்லாம் முன்பே ஏற்பாடு ஆகியிருக்க வேண்டும் என்றார். எங்களுக்காக நாலைந்து இடத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். எங்கள் பேரில் யாரும் எதுவும் செய்திருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு ராத்திரி அந்த விடுதியில் கிடந்துவிட்டு, ஒரு கல் உப்பைக்கூடப் பார்க்காமல் திரும்பினோம்.

இனிதான் கொடுமை. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டேன். அக்கா போய் "மேடம்" ஆகிவிட்டது. "நான் விற்பனை மட்டும்தான் மேடம், மெயில் போடுங்கள்." மெயில் போட்டால் ஏழு வேலை நாள் பொறுக்கச் சொன்னார்கள். அப்புறம், வண்டிக்காரர் தவறுக்குத் தளம் பொறுப்பல்ல என்றார்கள். எந்த வண்டிக்காரர், பேரைச் சொல்லுங்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. நேற்று வந்த கடைசி மெயிலில், நவம்பர் மாத எரிமலை வெடிப்பால் பயணம் ரத்தாகிவிட்டதாம், இயற்கைச் சீற்றத்துக்குப் பணம் திரும்பாதாம். வெடித்தது நவம்பர் 23, என்னிடம் பணம் வாங்கியது டிசம்பர் 9! வெடித்த கதையை எனக்குச் சொன்னதே அவர்தான்! அடுத்த பயணத்துக்கு 20 சதவீதம் தள்ளுபடி வேறு தருகிறார்களாம்.

ஈ.எஃப்.டி. போட்ட பணத்தை, வாங்கியவர் சம்மதிக்காமல் திருப்ப முடியாது என்று வங்கியில் கைவிரித்துவிட்டார்கள். போலீசில் வழக்கு எண் வாங்கி வைத்திருக்கிறேன். 64,500 ராண்ட், எங்கள் இரண்டு வருஷச் சேமிப்பு.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். கார்டு வேண்டாம் என்றால் அங்கேயே எழுந்துவிடுங்கள். அனுமதிச் சீட்டின் நகலைக் கேளுங்கள், செமேராவில் வரப்போகிற வண்டிக்காரரோடு நீங்களே பேசுங்கள். தமிழில் பேசுகிறார் என்பதற்காக எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்று காலை பார்த்தால் அதே தளத்தில் "பிப்ரவரி டானகில், ஆறு இடம் மட்டும்" என்று புது விளம்பரம். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே எனக்குச் செய்தி அனுப்புங்கள், வழக்கு எண் தருகிறேன், சேர்ந்து புகார் கொடுப்போம்.