ஆறாவது கியரா, பின்னால் இருக்கும் டிஃபரென்ஷியலா?

1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா வளைவுப் பாதைக்கென்றே பிறந்த, கூரை திறக்கும் கார். 1.6 லிட்டர் இன்ஜின், ஐந்து கியர், பின்னால் 4.30 விகித டிஃபரென்ஷியல் (சுழற்சி வேகத்தைக் குறைத்துப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி). ஹைவேயில் ஏறினால்தான் தொல்லை. 110 கி.மீ. வேகத்தில் டாப் கியரிலேயே இன்ஜின் 3,500 ஆர்பிஎம்-ஐ (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) தாண்டி அலறும். கூரையை மூடிய பிறகும் பக்கத்து சீட்டுக்காரரிடம் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும்.

இதற்குத் தீர்வாகப் பலரும் முதலில் தேடுவது இரண்டாம் தலைமுறையின் ஆறு கியர் பாக்ஸை. ஒரு கியர் கூடினால் ஆர்பிஎம் குறையும் என்ற நம்பிக்கை. விகிதத்தைப் பாருங்கள் (எண் சிறியதானால் அதே வேகத்தில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்): பழைய பாக்ஸின் ஐந்தாவது 0.814, புதியதன் ஆறாவது 0.843. அதாவது ஆர்பிஎம் இன்னும் நூறுக்கு மேல் ஏறும்! அந்த ஆறு கியரும் நெருக்கி அடுக்கப்பட்டவை. பந்தயத் தடத்துக்கு நல்லது, நெடுஞ்சாலைக்கு அல்ல. போதாததற்கு, ஐந்து கியர் பாக்ஸின் அந்த வெண்ணெய் மாதிரியான லீவரும் போய்விடும். எனக்கு அதுவே பெரிய நஷ்டம்.

சரி, டிஃபரென்ஷியலை மாற்றினால்? 1994 மாடல் 1.8 லிட்டர் காரோடு வந்த 4.10 சுலபமாகக் கிடைக்கும். ஆனால் குறைவது சுமார் 165 ஆர்பிஎம்தான். காதுக்கு வித்தியாசமே தெரியாது. இரண்டாம் தலைமுறையில் சில நாடுகளில் ஆறு கியர் கார்களோடு வந்த 3.636-தான் உண்மையான மருந்து. ஐந்து கியர் பாக்ஸோடு அதைச் சேர்த்தால் அதே 110-இல் ஏறக்குறைய 3,000. இதற்குக் கொஞ்சம் வேலை உண்டு. 1.6 காரின் டிஃபரென்ஷியல் சிறியது, 1.8-இன் கூடு பெரியது. ஆகவே இரண்டு ஆக்சிலும், கியர் பாக்ஸிலிருந்து பின்னால் வரும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டும் சேர்ந்தே மாற வேண்டும்.

விலை கொடுப்பது முதல் கியரில். மொத்த விகிதம் (கியர் விகிதத்தை டிஃபரென்ஷியல் விகிதத்தால் பெருக்கியது) 13.5-இலிருந்து 11.4-க்கு இறங்கும். சிக்னலில் கிளட்ச்சைக் கொஞ்சம் அதிகம் தேய்க்க வேண்டியிருக்கும். மேட்டில் நின்று கிளம்பும்போது நன்றாகவே உறைக்கும். இந்தச் சின்ன இன்ஜினுக்குக் கீழ் ஆர்பிஎம்-இல் இழுவை குறைவு. டாப்பிலேயே ஓவர்டேக் செய்யலாம் என்ற ஆசையை விட்டுவிட்டு நான்காவதுக்கு இறங்குவதுதான் வழி. பெட்ரோல் பெரிதாக மிச்சமாகும் என்று கணக்குப் போடாதீர்கள். காற்றின் தடை அப்படியே இருக்கிறது. கிடைப்பது காதுக்கு நிம்மதி.

ஆறு கியர் பாக்ஸ், 3.636 டிஃபரென்ஷியல் இரண்டையும் சேர்த்தால்தான் ஆறு கியருக்கே அர்த்தம் வருகிறது. 3.636-ஓடு முதல் கியர் 13.7, பழைய துள்ளல் அப்படியே; ஆறாவதில் 3,100 போல. செலவு இரண்டு மடங்கு. வார இறுதியில் மலையும் ஹைவேயும் மாறி மாறி ஓட்டுபவருக்கு இதைச் சொல்வேன். மற்றவர்களுக்கு டிஃபரென்ஷியல் மட்டும் போதும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர் பாக்ஸிலிருந்து வருவது. பின்னால் நடந்த மாற்றம் அதற்குத் தெரியாது. 3.636 போட்டபின் நீங்கள் 110-இல் பறக்கும்போது முள் 93-ஐக் காட்டிக்கொண்டு அப்பாவியாக நிற்கும். கேபிளின் நுனியில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தையும் பொருத்தமாக மாற்றிவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.