சித்திரைப் புயலா, கார்த்திகைப் புயலா: ராமநாதபுரம் கரைக்கு எது?

பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் 'நம்ம கடல்லதான் புயல் ஜாஸ்தி' என்ற பேச்சு கிளம்பிவிடும். எண்ணிக்கை வேறு மாதிரி சொல்கிறது. வடமேற்குப் பசிபிக்கில் ஆண்டுக்குச் சராசரியாக 25 வரை உருவாகும். வட அட்லாண்டிக்கில் 14. வங்கக்கடலும் அரபிக்கடலும் சேர்ந்தே சுமார் 5தான்.

அந்த ஐந்திலும் வங்கக்கடலுக்கே பெரும்பங்கு: அரபிக்கடலில் ஒன்று என்றால் இங்கே நான்கு. பசிபிக் பக்கம் வலுவிழந்த சுழல்கள் மிச்சமாக வந்து இங்கே மீண்டும் உயிர்பெறும். அரபிக்கடலையோ பாலைவனத்தின் வறண்ட காற்று அடக்கிவைக்கிறது. 2019 மட்டும் தலைகீழ். எட்டில் ஐந்து அங்கே. இருந்தாலும் அரபிக்கடல் புயலை ராமநாதபுரத்துக்காரர் பெரிதாகக் கணக்கில் வைக்க வேண்டியதில்லை.

கணக்கில் வைக்க வேண்டியது மாதத்தைத்தான். மற்ற கடல்களில் பெரும்பாலும் ஒரே உச்சம். நமக்கு இரண்டு: மே ஒன்று, நவம்பர் ஒன்று. நடுவில் கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) காலத்தில் தாழ்வில் மேற்கிலிருந்து வரும் காற்று, உயரத்தில் கிழக்கிலிருந்து வரும் காற்று என எதிரெதிராக இழுப்பதால் சுழலின் தலை வேறு, உடல் வேறாகிவிடும்; புயலாக முற்றுவது அபூர்வம்.

மே புயல் பெரும்பாலும் வடக்கே ஏறிவிடும். 2019 ஃபானி ஒடிசாவுக்குப் போனது, 2020 அம்பன் வங்காளத்துக்கு. போதாக்குறைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். நாட்டுப்படகுக்காரருக்கு அந்த வசதி கிடையாது.

நவம்பர், டிசம்பர் கதை வேறு. தாழ்வுப்பகுதிகள் தெற்கே, தாழ்ந்த அட்சரேகையிலேயே உருவாகி, கிழக்குக் காற்றில் நேராக மேற்கே வரும். குறுக்கே இலங்கை நிற்கிறது என்பது நமக்குப் பாதி ஆறுதல். 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலை அருகே கரையேறி, மன்னார் வளைகுடாவுக்கு வந்து பாம்பன் பக்கமே தங்கி வலுவிழந்தது. ஆனால் 1964 டிசம்பர் 22-இல் வந்ததும் இலங்கையைக் கடந்த புயல்தான். அது சோர்ந்துபோகவில்லை, தனுஷ்கோடியையும் பயணிகளோடு ஒரு ரயிலையும் கொண்டுபோனது. ஆக, இரண்டில் எது என்று கேட்டால் என் பதில் நவம்பர் பாதிக்கு மேல், டிசம்பர் முடிய.

அப்புறம், 2024 நவம்பர் 20-இல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் கொட்டியதே, அன்று புயலே இல்லை.