ஃபோர்க் சீல் மாற்றியதாகச் சொல்லி 27,400 ரூபாய் வாங்கிய கடை: பைக் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

27,400 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மூன்று நாளாக என் தலைக்குள் இந்த எண்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு கொடுத்தும் என் வண்டியில் உருப்படியாக நடந்த வேலை என்று எதையும் காட்ட முடியவில்லை. பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை வால்பாறையிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் நானும் என் மனைவியும் தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றோம். அதைப் பொறுக்க முடியவில்லை.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுக்கப் போவதால் இப்போதைக்குப் பெயர் போடாதே என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். கோவையில் இருக்கும் கடை. சாதாரணப் பட்டறை இல்லை, அட்வென்ச்சர் பைக்குகளுக்கென்றே தனியாக நடத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் இடம். சுவரெல்லாம் லடாக் படங்கள், ஸ்டிக்கர்கள், கண்ணாடி அலமாரியில் ஹெல்மெட்டுகள். இந்த அடையாளத்தில் நான்கைந்து கடைகள் இருக்கும். அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் கீழே நான் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் வண்டி ஹீரோ கம்பெனியின் எக்ஸ்பல்ஸ் 200 4வி, கரடுமுரடான ரோட்டுக்கான அட்வென்ச்சர் பைக். 2022-இல் எடுத்தது, 27,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், தார் ரோட்டில் மட்டும் ஓட்டுகிற வண்டிக்குப் பார்ப்பதுபோல் இதற்குப் பார்த்தால் போதாது. முன்சக்கரம் 21 இன்ச், ஸ்போக் வீல், டியூப் டயர். முன் சஸ்பென்ஷன் 190 மி.மீ. ஏறி இறங்கும். கல்லிலும் குழியிலும் அந்த ஃபோர்க்தான், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்கள்தான், அத்தனை அடியையும் வாங்குகிறது. அதன் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் சீல் தேய்வதும், ஸ்போக் தளர்வதும், செயின் நீள்வதும் சகஜம். நானும் சோம்பேறித்தனமாக விட்டவன் இல்லை. 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை செயினைத் துடைத்து எண்ணெய் போட்டுவிடுவேன். செயின் ஒரு சுற்று முழுக்க வந்துவிட்டதா என்று தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு கண்ணியில் வெள்ளைப் பெயிண்டால் சின்னப் பொட்டு வைத்திருந்தேன். இந்தப் பொட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இரண்டு மாதம் முன்பு ஃபோர்க் ரப்பர் உறைக்குக் கீழே எண்ணெய்க் கசிவு தெரிந்தது. டயரும் தேய்ந்திருந்தது. சரி, இந்த வண்டிகளையே பார்க்கிற ஆளிடம் மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்று போனேன்.

அங்கே நடந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. கடைக்காரனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். நான் வாயே திறக்கவில்லை, அவனாகவே முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு சின்ன ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டினான். டிங், டிங், டிங் என்று வந்துகொண்டிருந்த சத்தம், காற்றடிக்கும் வால்வுக்குப் பக்கத்து ஸ்போக்கில் மட்டும் டொக் என்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "கேட்டீங்களாண்ணா? இது லூசு. இது ஒண்ணு விட்டா பக்கத்துல இருக்கிறதெல்லாம் ஒவ்வொண்ணா விடும். ரிம்மு கோணிக்கும். இத எவனும் பாக்க மாட்டான்" என்றான்.

அந்த நிமிடத்தில் நான் விழுந்துவிட்டேன். காதால் கேட்டே குறை கண்டுபிடிக்கிறான், இவன் வேலை தெரிந்தவன் என்று நம்பிவிட்டேன். வேலை தெரிந்தவன்தான், அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. அந்த வேலையை என் வண்டியில் செய்யவில்லை, அவ்வளவுதான்.

டீ வாங்கிக் கொடுத்தான். பட்டியல் போட்டான். முன் பின் இரண்டு டயர் 10,600, செயினும் அது ஓடும் பல்சக்கரங்களும் சேர்ந்த செயின் ஸ்ப்ராக்கெட் செட் 3,900, ஃபோர்க் ஆயில் சீல், டஸ்ட் சீல், ஆயில் சேர்த்து 3,200, கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) 1,900, வீல் பேரிங் 1,300, பிரேக் பேடு 1,400, கூலி 5,100. கூட்டினால் 27,400. வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதியதுதான். பில் கேட்டேன். "பில்லு போட்டா டாக்ஸ் தனியா வரும்ணா, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு? நாங்க எங்க ஓடிப் போறோம்?" என்றான். ஸ்பேர் சென்னையிலிருந்து வரவேண்டும், 20,000 அட்வான்ஸ் வேண்டும் என்றான். ஜிபேயில் போட்டேன். பணம் கடை பெயரில் போகவில்லை, யாரோ ஒரு பெண் பெயர் வந்தது. "அது வீட்டு அக்கவுண்ட்டுண்ணா" என்றான். அதையும் நம்பினேன்.

மூன்று நாளில் தருவதாகச் சொன்ன வண்டி ஒன்பது நாள் ஆயிற்று. இடையில் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். ஃபோர்க் குழாயில் புது ஆயில் ஊற்றுகிற வீடியோ. பார்த்துவிட்டு மனைவியிடம்கூடக் காட்டினேன், எவ்வளவு சுத்தமாகச் செய்கிறான் பார் என்று. இப்போது பத்து தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். அதில் தெரிவது ஒரு குழாய், ஒரு கை, ஒரு அளவுக் குவளை. அது என் வண்டி என்று சொல்ல ஒரு ஸ்குரூகூடத் தெரியவில்லை.

வண்டியை எடுக்கப் போன அன்று மீதி 7,400-ஐயும் போட்டேன். டயர் பளபளவென்று கறுப்பாக இருந்தது. செயினில் கிரீஸ் அப்பியிருந்தது. "புது செயின்ணா, கம்பெனி கிரீஸ் இருக்கு, ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் துடைக்காதீங்க, தொடவே தொடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னான். பழைய பாகங்களைக் கேட்டேன். பையன் குப்பையோடு போட்டுவிட்டான் என்றான். அப்போதே அங்கேயே நின்று கேட்டிருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் ஊருக்குள் ஓட்டியதில் எதுவும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை வால்பாறைக்குக் கிளம்பினோம். ஆழியாரிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது பிரேக்குக்கு வேலையில்லை, நன்றாகத்தான் போயிற்று. மேலே போனதும் எஸ்டேட் பக்கம் மோசமான ரோட்டில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டினோம். ஃபோர்க் வழக்கத்துக்கு மேல் அமுங்குகிறதே என்று அப்போது தோன்றியது. இரண்டு பேர் இருக்கிறோம், அதனால் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை இறக்கத்தில் 13-ஆவது வளைவுக்கு முன்னால் முன் பிரேக்கை அழுத்துகிறேன். லிவர் கெட்டியாக இருக்கிறது, வண்டி நிற்கவில்லை. பிரேக் போன வண்டியில் லிவர் தொளதொளவென்று கைப்பிடி வரை வந்துவிடும். இது அப்படி இல்லை. கல்லைப் பிடித்து அழுத்துவதுபோல் இருந்தது, வேகம் மட்டும் குறையவில்லை. ஒரு கியர் குறைத்து, பின் பிரேக்கை மிதித்து, பின்சக்கரம் வழுக்க வழுக்க வளைவின் வெளி ஓரம் வரை போய் நின்றது. என் மனைவி கத்தக்கூட இல்லை. தோளில் அவள் விரல் பதிந்த இடம் இன்னும் வலிக்கிறது.

இறங்கிப் பார்த்தேன். டிஸ்க் இருக்கும் பக்கத்து ரப்பர் உறையின் அடியிலிருந்து எண்ணெய் வடிந்து, பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் மேல் இறங்கி, டிஸ்க் முழுக்க மினுமினுத்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். அழுகிய மீன் வாடை. ஒரு மாதம் முன்பு ஊற்றிய ஆயிலில் அந்த வாடை வராது. வருடக்கணக்கில் உள்ளேயே கிடந்த ஃபோர்க் ஆயிலில்தான் வரும்.

ஒரு வேன்காரர் நிறுத்தி மனைவியை ஏற்றிக்கொண்டார். அவர் யாரென்று தெரியாது, நன்றாக இருக்கட்டும். நான் முதல் கியரில், பின் பிரேக்கை மட்டும் வைத்து, 9-ஆவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூ பாயிண்டில் நிறுத்தி பின் டிஸ்க்கை ஆறவிட்டு, அங்கிருந்து ஊர்ந்து ஊர்ந்து இறங்கினேன். பொள்ளாச்சியில் உறவினர் வீட்டில் வண்டியைப் போட்டுவிட்டு பஸ்ஸில் கோவை வந்தோம்.

திங்கள்கிழமை பொள்ளாச்சியில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் காட்டினேன். அறுபது வயது இருக்கும், போர்டுகூட இல்லாத பட்டறை. ரப்பர் உறையின் கிளிப்பைக் கழற்றியதும் உறைக்குள் தேங்கியிருந்த கறுப்பு எண்ணெய் கொளகொளவென்று தரையில் ஊற்றியது. உள்ளே டஸ்ட் சீல் விளிம்பு வெடித்திருந்தது. சீலைப் பிடித்திருக்கும் கம்பி வளையத்தைக் காட்டி, "இத பாருங்க தம்பி, துரு அப்படியே ஒட்டிட்டிருக்கு. இதக் கழட்டாம சீலு மாத்த முடியாது. ஃபேக்டரில போட்டது இன்னும் அசையல" என்றார்.

செயினை நான் துடைத்தேன். டீசல் நனைத்த துணியில் அந்தக் கிரீஸை வழித்து எடுத்துக்கொண்டே வந்தேன். பாதிச் சுற்று வந்திருக்கும், வெள்ளைப் பொட்டு தெரிந்தது. நான் வைத்த பொட்டு. 3,900 ரூபாய்க்குப் புது செயின் என்று என்னிடமே என் பழைய செயினை விற்றிருக்கிறான். ஆயிரம் கிலோமீட்டர் தொடாதே என்று ஏன் சொன்னான் என்பது அப்போதுதான் உறைத்தது. பின் ஸ்ப்ராக்கெட் பல் எல்லாம் கொக்கிபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

டயர் மட்டும் மாற்றியிருந்தான். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், எத்தனையாவது வாரம், எந்த வருடம் என்று. 1419. அதாவது 2019-இல் 14-ஆவது வாரம். என் வண்டியைவிட வயதான டயரைப் பாலிஷ் போட்டுப் புதிது என்று மாட்டியிருக்கிறான். பேடு பழையதையே உப்புத்தாள் தேய்த்து மாட்டியது. கோன் செட், பேரிங் பற்றி எழுதவே வேண்டாம், தொட்ட அடையாளமே இல்லை.

அப்புறம் அந்தப் பெரியவர் தானாகவே ஸ்பேனரை எடுத்து ஸ்போக்குகளைத் தட்டினார். வால்வுக்குப் பக்கத்தில் டொக் என்றது. அதே ஸ்போக். எனக்குக் காட்டிக் கொடுத்த ஒரே ஒரு ஸ்போக்கைக்கூட அவன் இறுக்கவில்லை.

அன்றைக்கே கடைக்குப் போன் செய்தேன். முதல் தடவை, "ஓனர் ஊர்ல இல்லைங்க." இரண்டாம் தடவை அவனே எடுத்து, "காட்டுக்குள்ள கொண்டுபோய் ஓட்டுனா அப்படித்தாண்ணா ஆகும்" என்றான். இந்த வண்டியே அந்த ரோட்டில் ஓட்டுவதற்குத்தானே? அந்தப் படங்களைத்தானே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாய்? பொட்டு இருக்கிற செயினைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டான், பதிலில்லை. நேற்று நேரில் போனேன். வேலை செய்கிற பையன், "பில் இருக்குங்களா?" என்று கேட்கிறான். பில் போடாதே என்று தடுத்த கடையே பில் கேட்கிறது. இணையத்தில் அந்தக் கடையின் பக்கத்தில் நடந்ததை எழுதினேன், பத்து நிமிடத்தில் அழித்து என்னைப் பிளாக் செய்துவிட்டார்கள். என் 27,400 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். கேட்டால் பில் தராமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அதனால் பில் இல்லையே என்று யாரும் சும்மா இருக்க வேண்டாம். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அந்த வெள்ளைத் தாள் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை என்று நண்பர் சொன்னார்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். வண்டியை விடும் முன் செயின், ஸ்ப்ராக்கெட், பேடு மூன்றிலும் உங்களுக்கு மட்டும் தெரியும்படி பெயிண்ட் வையுங்கள். பழைய பாகம் கைக்கு வராமல் மீதிப் பணம் தராதீர்கள். டயரில் அந்த நான்கு இலக்கத்தைப் படித்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். வீட்டு அக்கவுண்ட்டுக்கு அட்வான்ஸ் போடவே போடாதீர்கள். ஃபோர்க் உறை இருக்கும் வண்டி என்றால் மலைக்குக் கிளம்பும் முன் உறையைத் தூக்கி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் கிளம்பாதீர்கள்.

கோவையில் இந்த மாதிரிக் கடையில் சமீபத்தில் ஃபோர்க் வேலை கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே அந்த உறையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், என் புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.