ஸ்ரீநிவாசனும் தாப்பரும்: நீதிபதி நாற்காலிக்கு இரண்டு பாதைகள்

அமெரிக்காவில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதியாகப் பெரும்பாலும் இரண்டு பாதைகளில் வரலாம். வழக்கறிஞராக இருந்து நேரே வரலாம். அல்லது மாவட்ட நீதிமன்றத்தில் உட்கார்ந்துவிட்டு மேலே ஏறலாம்.

ஸ்ரீ ஸ்ரீநிவாசன் முதல் வகை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் மேலத்திருவேங்கடநாதபுரம், வளர்ந்தது கான்சாஸ். உச்ச நீதிமன்றத்தில் 20க்கும் மேற்பட்ட வழக்குகளில் நின்று வாதாடியவர். 2012 ஜூனில் ஒபாமா அவரை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். ஏறக்குறைய ஒரு வருடம் இழுத்தது. ஆனால் 2013 மே மாதம் நாடாளுமன்ற மேலவையான செனட்டில் ஒப்புதல் வாக்கு 97-0! ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லை. பகவத் கீதை மீது கை வைத்துப் பதவியேற்றார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. 2020இல் அந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியும் ஆனார்.

அமுல் தாப்பர் இரண்டாவது வகை. கென்டக்கியில் அரசு வழக்கறிஞர், 2008இல் அங்கேயே மாவட்ட நீதிபதி. ஒன்பது வருடம் சாட்சிகளை நேரில் பார்த்து, தண்டனை விதித்த அனுபவம். 2017இல் டிரம்ப் முன்மொழிந்தார். மார்ச்சில் பெயர், மே மாதமே 52-44 என்று ஒப்புதல்.

ஏன் இத்தனை வேகம்? 2013 நவம்பரில் செனட் விதியை மாற்றியது. அதற்கு முன் ஒரு நியமனம் பற்றிய விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 வாக்குகள் வேண்டியிருந்தது. அப்புறம் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்றாகிவிட்டது.

என்னைக் கேட்டால், அனுபவத்துக்குத் தாப்பர் வந்த பாதைதான் நல்லது. மேல்முறையீட்டில் வருவது வெறும் காகிதக் கட்டு. அழுகிற சாட்சியின் முகம் அதில் தெரியாது. ஆனால் ஒப்புதல் என்றால், இரு கட்சியும் சேர்ந்து கை தூக்கிய அந்த 97தான் எனக்குப் பெரிது.